ஏழு மணி ஜெபத்தில் மூடாத கண்

ஸ்டெபினின் வீட்டில் முக்கியமான சேதி எதையும் யாரும் நேருக்கு நேர் சொன்னதில்லை. எல்லாம் ஜெபத்தில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் அவன் கணக்கில் கோட்டைவிட்டபோது அப்பா ஜெபசீலன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலம் எல்லோரும் கண்ணை மூடியபிறகு, “ஆண்டவரே, இந்தப் பிள்ளை வாங்கின மார்க்கை நீர் அறிவீர், எங்களுக்குத்தான் இவன் இன்னும் அறிவிக்கவில்லை” என்று ஆரம்பித்தார். அதற்கு நாலு அடி போட்டிருக்கலாம். அப்பாவுக்கு வேலை போனது, அத்தையோடு பேச்சுவார்த்தை நின்றது, அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது என்று மாடம்பாக்கம் வீட்டில் நடந்த அத்தனையும் அவனுக்குத் தெரியவந்தது கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதுதான். மூடிய கண்ணுக்கு முன்னால் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அப்பா போனபிறகும் அம்மா அமலராணி அந்த வழக்கத்தை விடவில்லை. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். ஸ்டெபின் நாவலூரில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஒரு ஃப்ளாட்டில் அறை எடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோவில் வந்து ஜெபத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தான். அவனுக்கு ஏற்ற துணை அமைய வேண்டும், அவன் வெளியில் கண்டதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று அவள் ஆண்டவரிடம் சொல்வாள். அவன் கடைசியில் ஆமென் சொல்வான்.

இந்த வருஷம் அந்த ஜெபத்தில் வேறொரு விஷயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினாலே மூச்சு வாங்கியது. ஆபரேஷன் செய்தால் நன்றாக இருப்பார், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அம்மா வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. அப்பா ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்தே போனவர், திரும்பி வரவில்லை. அந்தப் பயம் அவளை விட்டுப் போகவேயில்லை.

“ஜெபத்துல வெச்சிருக்கேன்பா” என்றாள். அந்த வீட்டுப் பேச்சில் அதற்கு அர்த்தம் உண்டு. ஒரு காரியத்தை ஜெபத்தில் வைத்தால், கூட உட்கார்ந்து ஜெபிக்கிறவர் வாயிலிருந்து கேளாமல் வருகிற வார்த்தைதான் பதில். அப்புறம் அதற்கு அப்பீல் கிடையாது. ஸ்டெபினுக்கும் அது தெரியும். ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து, ஆபரேஷன் பண்ணிக்கொள் என்று ஜெபத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததோடு சரி, ஆபீசில் தலைக்கு மேல் வேலை.

அந்த ஆபீஸ், இன்னும் கடைக்கு வராத லேப்டாப்களின் கேமராவைச் சோதித்துப் பார்க்கிற இடம். புது ப்ராசஸர் ஒன்று வந்திருந்தது. வீடியோவில் பேசும்போது நெட் அறுந்தால் முகம் உறைந்துபோகும், குரல் இழுக்கும் அல்லவா? அதற்குத்தான் இது. அறுந்த இடத்தில் பேசுகிறவரின் முகத்தையும் குரலையும் எதிர்முனையில் இருக்கிற மெஷினே உண்டாக்கி இட்டு நிரப்பிவிடும். நெட் வந்ததும் நிஜ ஆளிடம் ஒப்படைத்துவிடும். ஒட்டுப்போட்ட இடம் தெரியக்கூடாது, அவ்வளவுதான் சோதனை. நிஜ வீட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஆளுக்கு இரண்டு மெஷின் கொடுத்தார்கள். ஸ்டெபின் ஒன்றைத் தன் அறையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றை அம்மாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தான்.

“இதெல்லாம் ஆரம்பம்தான் ஸ்டெபின்” என்றாள் சத்யபிரியா, கேன்டீனில் சமோசாவைப் பிய்த்துக்கொண்டே. அவன் டீமில் சிப் சமாசாரம் முழுவதும் அவள் பொறுப்பு. எதிர்காலத்தைப் பற்றி ஆரூடம் சொல்வது அவளுடைய உபதொழில். “அடுத்த ப்ராசஸர் வரட்டும். இப்ப படத்தை ஃபுல்லா நெட்ல அனுப்பறோம்ல, அதுவே வேஸ்ட். எதிர்ல இருக்கற மெஷினுக்கு உன் மூஞ்சி மனப்பாடம் ஆயிடும். நீ வராட்டிகூட அதுவே உன்னை வரைஞ்சிக்கும்.”

“அப்புறம் லேப்டாப்ல கேமரா எதுக்கு?”

“உன்னைப் பாக்க இல்லப்பா. கேக்கறவங்களைப் பாக்க. அவங்க மூஞ்சி வாடுதா மலருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். வாடினா பேச்சை மாத்தும். மலர்ந்தா அதையே இன்னும் கொஞ்சம் சொல்லும். அப்படிப் பேசினா யாருக்குத்தான் போனை வைக்க மனசு வரும்?”

“அதுக்கெல்லாம் பத்து வருஷம் ஆகும்.”

“நம்ம மெஷின்லயே பாதி இருக்குன்னு எனக்கு டவுட்டு” என்றாள் அவள். “அந்த சிப்ல நமக்குத் திறந்து காட்டாத ஒரு பகுதி இருக்கு. எதுக்குன்னு மெயில் போட்டா, அடுத்த மாடலுக்குன்னு பதில் வருது.”

ஸ்டெபின் சிரித்தான். சமோசா நன்றாக இருந்தது என்பதைத் தவிர அந்தப் பேச்சில் வேறெதுவும் அப்போது அவன் மனதில் தங்கவில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா ஜெபித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அதிர்ந்தது. திருட்டுத்தனமாக ஒரு கண்ணைத் திறந்து மேனேஜரின் மெசேஜைப் படித்தான். படித்துவிட்டுத் தற்செயலாகத் திரையைப் பார்த்தான். அம்மாவுக்கு எப்படித் தெரிகிறானோ அந்தப் படம் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் ஓடும். அதில் அவன் கண்கள் மூடியிருந்தன. தலை குனிந்திருந்தது. உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நிஜத்தில் அவன் இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு, வாயைப் பிளந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆமென்” என்றான் கட்டத்தில் இருந்தவன், சரியான இடத்தில், சரியான இழுப்போடு.

புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே லேப்டாப் மூடியை மூடியிருப்பான். நம் ஆள் அதைக் குறையென்று எழுதி அனுப்பக்கூட இல்லை. நெட் மக்கர் பண்ணியிருக்கும், அதுதான் இட்டு நிரப்பியிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மறுநாள் ஜெபத்தின் நடுவில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தான். அம்மாவுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவள்தான் கண்ணை மூடியிருக்கிறாளே! அந்தக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் ஜெபத்தின் நடுவில் எதிரில் இருப்பவரைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. ஜெபம் ஆரம்பிக்கும்வரை முகத்தைக் காட்டினால் போதும், அப்புறம் நாற்காலி காலியாக இருந்தாலும் காரியம் நடக்கும் என்று அவனுக்குப் புரிந்துபோனது. சில நாளில் அந்தத் தொடக்கத்தையும் விட்டான். ஏழு மணிக்கு அறையிலிருந்து வீடியோ கால் தானாகவே போய்ச் சேருகிற மாதிரி வைத்துவிட்டு ஆபீசிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தான். புது மெஷினைக் காட்டுகிற டெமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை ஏமாற்றுகிறோம் என்று உறுத்தாமல் இல்லை. டெமோ முடியட்டும், நேரிலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று உறுத்தலுக்குத் தவணை சொன்னான்.

இடையில் ஒருநாள் அம்மா போன் செய்தாள். குரலில் அப்படியொரு தெளிவு.

“நேத்து நீ ஜெபிச்சது மனசுக்கு அவ்ளோ இதமா இருந்துச்சுப்பா. உங்கப்பா ஜெபிச்ச மாதிரியே இருந்துச்சு.”

அவன் ஜெபிக்கவில்லை. முந்தினநாள் ஏழு மணிக்கு அவன் மீட்டிங்கில் இருந்தான். “என்ன ஜெபிச்சேன்?” என்று கேட்டால் குட்டு வெளிப்படும். “சரிம்மா, மாத்திரை போட்டியா?” என்று பேச்சை மாற்றினான். ஆமென் சொல்வதற்கு மேல் அந்த மெஷின் போகக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று சாயங்காலமும் அதையே உட்காரவிட்டான். இத்தனைக்கும் அவன் கெட்டவனில்லை. சோம்பேறியும் இல்லை. அவனுக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

டெமோ முடிந்த அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

“அமலராணி மேடத்தோட சன்னா சார்? அம்மா ஆபரேஷன் டேட்டை கேன்சல் பண்ணிட்டாங்க. டாக்டர் உங்ககிட்ட ஒரு தடவை கன்ஃபர்ம் பண்ணச் சொன்னாரு.”

“கேன்சலா? யாரைக் கேட்டு?”

“நீங்கதான் வேணாம்னு சொன்னீங்கன்னு சொன்னாங்களே சார். பையன் ஜெபத்துல சொல்லிட்டான், இனிமே இதைப் பத்திப் பேச்சே இல்லன்னாங்க.”

ஸ்டெபின் போனை வைத்தான். உடனே அம்மாவுக்குப் போன் அடித்தான். ரிங் போய்க்கொண்டேயிருந்தது, அவள் எடுக்கவில்லை. மேனேஜர் ஒரு மீட்டிங்கில் பிடித்துவைத்துக்கொண்டார். அது முடிந்து திரும்ப அடித்தபோது ஏழு மணி நெருங்கியிருந்தது. அந்நேரத்துக்கு அவள் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். பைக்கை எடுத்தான். சோழிங்கநல்லூர் சிக்னல், மேடவாக்கம் கூட்டுரோடு என்று ஒவ்வொரு இடத்திலும் வண்டிகள் பொறுமையாக நின்றன, அவனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டு வந்தது ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டு ஜெயவேலு தண்ணி லாரி ஓட்டுகிறவர். வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் இவனைப் பார்த்ததும் பைப்பைக் கீழே போட்டார்.

“இன்னா தம்பி, இப்பத்தான உள்ள பேசிகினு இருந்தே? வெளிய எப்டி வந்தே?”

“இப்பதான் வரேண்ணா.”

“இன்னாபா சொல்ற! ஒரு வாரமா உன் கொரல் வூட்ல கேட்டுகினு கீது. புள்ள வந்து தங்கிட்டான் போல, அக்காவுக்குத் தொணையா கீறான்னு என் சம்சாரத்தாண்ட சொன்னேன்.” ஜெயவேலு காதைத் தீட்டிக்கொண்டார். “தோ, இப்பகூட கேக்குது பாரு.”

கேட்டது. கிரில் கேட்டுக்கு உள்ளே, ஹாலிலிருந்து ஸ்டெபினின் குரல் வந்துகொண்டிருந்தது. தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்கும்போது அது யாருக்கும் பிடிக்காது. ஆனால் இந்தக் குரல் நன்றாக இருந்தது. அவசரமே இல்லாமல், கனிவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் அம்மாவுக்கு நேரம் கொடுத்துப் பேசியது. தன் வாயில் ஒருநாளும் வராத கனிவு அது என்று அவனுக்குத் தெரிந்தது. கொக்கியை நீக்கினான். ஜெயவேலு லாரியின் மறுபக்கம் போய்விட்டார்.

ஹாலில் அம்மா அவனுக்கு முதுகைக் காட்டி, மேஜைக்கு முன்னால் தலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

“தகப்பனே, எங்க அம்மாவை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறேன்...” என்றது குரல்.

அப்போது ஸ்டெபின் செய்ததை வேறு எந்த வீட்டுப் பிள்ளையும் செய்திருக்க மாட்டான். ஓடிப்போய் மூடியை மூடவேண்டியவன், ஜெபம் காதில் விழுந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்தில் கையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டான். ஜெபத்தின் நடுவில் பேசினால் அப்பா தொடையில் கிள்ளுவார். முப்பது வயதுக்கு மேலும் அந்தத் தொடைக்குப் பயம் தெளியவில்லை. தன்னுடைய பொய்க்கு முன்னாலேயே பயபக்தியாக நிற்கிறோம் என்பது உறைக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. உறைத்ததும் கண்ணைத் திறந்தான்.

பக்கவாட்டில் நகர்ந்தபோது அம்மாவின் முகம் தெரிந்தது. கண்ணை மூடி ஜெபிக்கிற மனிதரின் முகத்தில் ஒளிவுமறைவு இருப்பதில்லை. இத்தனை வருஷத்தில் அம்மாவின் அந்த முகத்தை அவன் பார்த்ததேயில்லை. “டாக்டருங்க சொல்ற அந்த ஆபரேஷன்...” என்று குரல் ஆரம்பித்ததும் அவள் புருவம் சுருங்கியது. அதே நொடியில் குரல் வளைந்தது. “...அந்தக் கத்தி எங்க அம்மா மேல படவேண்டாம்ப்பா. நீரே தொட்டு சுகமாக்கும். அவங்க வீட்டுலயே, அவங்க கட்டில்லயே நிம்மதியா இருக்கட்டும்.” அம்மாவின் புருவம் தளர்ந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. குரல் அதையே இன்னும் கொஞ்சம் இனிமையாக, இன்னொரு தடவை சொன்னது.

திரையில் இருந்த ஸ்டெபின் கண்ணை மூடியிருந்தான். அவன் தலைக்கு மேலே, பொட்டு அளவுக்கு இருந்த கேமரா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆண்டவர் எங்கே, பதில் எங்கே! அவளுடைய பயத்தை அவள் முகத்திலிருந்தே எடுத்து, மகனின் வாயில் போட்டு, அவளுக்கே திருப்பி ஊட்டிக்கொண்டிருந்தது அது. சத்யபிரியா சொன்னபோது பத்து வருஷத்துக்கு அப்பால் என்று அவன் நினைத்திருந்தது தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஊழியம் செய்துகொண்டிருந்தது.

“ஆமென்” என்றது குரல்.

“ஆமென்” என்றாள் அம்மா.

திரையில் இருந்தவன் கண்ணைத் திறந்தான். அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. புன்னகை அப்படியே நின்றது.

“அம்மா” என்றான், தாழ்ந்த குரலில். “உங்களுக்குப் பின்னாடி யாரோ நிக்கறாங்க.”

அமலராணி திரும்பிப் பார்த்தாள். வீறிட்டுக் கத்தினாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் போட்ட சத்தம் அது. நாற்காலி கவிழ, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, திரையில் இருந்தவன் பக்கமாகப் பின்வாங்கினாள்.

“நான்தாம்மா! நான்தான்!” ஸ்டெபின் பாய்ந்து லேப்டாப்பை மூடினான். மூடியபிறகும் உள்ளிருந்து “அம்மா, பயப்படாதீங்க” என்று ஒருதரம் கேட்டு, அடங்கியது.

அவளைப் பிடித்து உட்காரவைத்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சு அடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னான். இந்தத் தடவை ஆண்டவரைத் துணைக்குக் கூப்பிடாமல், நேருக்கு நேர். தான் வராமல் இருந்தது, மெஷின் வந்து உட்கார்ந்தது, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அது பேசியது எல்லாம். சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அப்ப வேணாம்னு சொன்னது யாரு?” என்றாள் அம்மா.

“யாருமே இல்லம்மா. உனக்கு பயமா இருந்துச்சு, அது பாத்துச்சு.”

அவள் மூடிய லேப்டாப்பைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் அவள் காலடியில் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இப்ப நான் ஜெபிக்கறேம்மா. நிஜமா.”

கண்ணை மூடினான். “தகப்பனே, எங்க அம்மாவை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறேன்” என்று வந்தது. வந்தபிறகுதான், சற்றுமுன் கேட்ட அதே வார்த்தைகள் என்று தெரிந்தது. வேறு வார்த்தை தேடினான். கிடைக்கவில்லை. ஜெபிப்பதற்கு அவனிடம் இருந்ததெல்லாம் அப்பாவிடமிருந்து பொறுக்கிய அந்த நாலு வரிதான், அதையும் மெஷின் முன்னாலேயே செலவழித்துவிட்டது. திக்கித் திணறி, “ஆண்டவரே, அம்மா ஆபரேஷனுக்குச் சம்மதிக்கணும். நான் லீவு போட்டுட்டுக் கூடவே இருப்பேன். அவங்க எனக்கு வேணும், ஆண்டவரே, அவங்க எனக்கு வேணும்” என்று முடித்தான். “ஆமென்.”

பதிலுக்கு ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்தான்.

அம்மாவின் கண்கள் அகலத் திறந்திருந்தன. ஜெபம் முழுக்கத் திறந்தேதான் இருந்திருக்க வேண்டும். காப்பியடித்த விடைத்தாளைப் பார்க்கிற டீச்சர் மாதிரி அவன் உதட்டையும் புருவத்தையும் கண்ணீரையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமென் சொல்லும்மா” என்றான். “ப்ளீஸ்மா. டாக்டருக்கு நான் இப்பவே போன் பண்றேன்.”

அவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். விரலால் அவன் கன்னத்தின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அது சொல்லும்போது எனக்கு பயம் போச்சு, ஸ்டெபின்” என்றாள். “நீ சொல்லும்போது பயமா இருக்கு.”

“அம்மா...”

“சாப்பிட்டுட்டுப் போ. மாவு இருக்கு” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க சமையலறைக்குப் போனாள்.